ஏழாம் பாகத்தில் பெய்த மழை

என் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னாலும் அதனால் யாருக்கும் பயனில்லை. திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் குலசாமி கோயில் வாசலில் நின்று அந்தப் பெயரை ஒருமுறை சத்தமாகக் கூப்பிட்டால் என்னையும் சேர்த்து ஒன்பது பேர் திரும்பிப் பார்ப்போம். எல்லாரும் பங்காளிகள்தான், பெரியப்பா சித்தப்பா மக்கள். எங்கள் வகையறாவில் தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால் சாமி பெயரைத்தான் வைக்க வேண்டும். இனிஷியலும் ஒன்றுதான், ஏனென்றால் அப்பாமாருக்கும் அதே எழுத்தில்தான் பெயர் தொடங்கும்.

ஏன் இப்படி என்று சின்ன வயதில் என் பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார். "சாமிக்கும் வயசாயிருச்சுப்பா. ஆளுக்கொரு பேரு வச்சா இவன் யாரு, இவன் எந்த வீட்டுப் பிள்ளைன்னு அது ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கணும். ஒரே பேருன்னா ஒருக்கா நினைச்சாப் போதும், அம்புட்டுப் பேருக்கும் சேந்து கெடைச்சிரும்."

ஊரில் எங்களைப் பிறந்த வரிசையில்தான் கூப்பிடுவார்கள். நான் ஏழாவது. பள்ளிக்கூடத்தில் ஆறாவது அண்ணன் வாங்கவேண்டிய அடியை நான் வாங்கியிருக்கிறேன். ஐந்தாவது அண்ணனின் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் என் வீட்டில் காப்பி குடித்துவிட்டு என்னைப் பற்றி நல்லபடியாக எழுதிக்கொண்டு போனார். எனக்குப் பெண் கொடுக்கும் முன் மாமனார் ஊரில் வந்து விசாரித்தபோது டீக்கடையில் நாலாவது அண்ணனைக் கைகாட்டி விட்டார்கள். அவர் அப்போது ராணுவத்தில் இருந்து லீவில் வந்திருந்தார், நல்ல உயரம், கட்டுமஸ்தான ஆள். மணவறையில் என்னைப் பார்த்ததும் மாமனார் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. பதினொரு வருஷம் ஆகிறது, அது இன்னும் முழுசாகப் போகவில்லை.

இப்படி வளர்ந்தவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் இருக்கும். முன்னால் எதுவும் இல்லாத, முதலாவதான ஒன்றைச் செய்துவிட வேண்டும். அப்படிப்பட்டவன் எங்கே போய் வேலைக்குச் சேர்ந்தான் என்று பாருங்கள்.

மதுரையில் மொபைல் கேம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனி. பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறோம். நான் அருப்புக்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். கீழே விசைத்தறி ஓடும். மீட்டிங்கில் பேசும்போது அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு எங்கள் முதலாளி முதல் மூன்று மாதம் நான் எப்போதும் ரயிலிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கம்பெனிக்கு வெற்றி என்று சொல்ல ஒரே ஒரு விளையாட்டுதான். ஒரு லாரி மலையேறும். முதல் பாகம் எதிர்பாராமல் ஓடிவிட்டது. இரண்டாம் பாகத்தில் லாரி சிவப்பு. மூன்றாம் பாகத்தில் அதே லாரி மலையிறங்கியது. நான்கில் இரண்டு லாரி. ஐந்தில் ஆரன் சத்தம் விதவிதமாக வந்தது. ஆறாம் பாகத்தில் ரோட்டைக் கடக்கும் ஒரு ஆடு வந்தது. அந்த ஆடு என் பங்களிப்பு. ஆறு மாதம் அதன் வாலை ஆட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இது எங்கள் கம்பெனியின் வியாதி மட்டும் இல்லை. வெளிநாட்டில் மலைபோல் பணம் வைத்திருக்கும் கம்பெனிகளும் இதைத்தான் செய்கின்றன. கால்பந்து விளையாட்டில் வருஷாவருஷம் சட்டையை மாற்றிப் புதிது என்கிறார்கள். பத்து பாகமாக ஒரே ஆள் ஒரே துப்பாக்கியோடு ஓடுகிறான், பதினோராவது பாகத்தில் அவனுக்குத் தாடி நரைக்கிறது, உடனே கதை ஆழமாகிவிட்டது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அதுவும் கைவசம் இல்லையென்றால் பழைய முதல் பாகத்தையே தூசி தட்டி, தண்ணீரில் நிழல் விழுகிற மாதிரி செய்து, திரும்ப விற்கிறார்கள். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு மூச்சு வாங்கும். என் மனைவி மேஜை ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து நானே ஒரு விளையாட்டைச் செய்தேன். இரண்டு வருஷம் ஆனது. அதில் ஒரு கண்மாய் இருக்கிறது. நீங்கள் அதன் மடையைத் திறந்து மூடுகிற ஆள். மழை பெய்தால் கண்மாய் பெருகும், எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். மழை எப்போது பெய்யும் என்றால், திருச்சுழியில் நிஜமாக மழை பெய்யும்போது. வானிலை விவரத்தை நெட்டிலிருந்து எடுத்து அப்படிக் கட்டி வைத்திருந்தேன். அதுவரை நீங்கள் கரையில் நடக்கலாம், கருவேல மரத்தடியில் உட்காரலாம், அண்ணாந்து வானத்தைப் பார்க்கலாம். இந்த மாதிரி ஒன்று உலகத்தில் வேறு எங்கும் கிடையாது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

சோதித்துப் பார்க்க மனைவியின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, இந்த ஆளு நாலு நாளா கரையிலயே நிக்காரு. சாப்பிட வீட்டுக்குப் போக மாட்டாரா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரோ ஒரு பொம்மை சாப்பிட்டானா என்று அவள் கேட்டுவிட்டாளே.

போனை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். முதலாளி டீயை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் கண்ணை எடுக்காமல் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. கொரோனா சமயத்தில் ஒருவரைக்கூட வேலையை விட்டு அனுப்பாதவர். டீ ஆறிவிட்டது.

"தம்பி, இது எப்ப ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சிருச்சு சார்."

அவர் மறுபடியும் திரையைப் பார்த்தார். கரையில் ஆள் நின்றுகொண்டிருந்தான்.

"நல்லாத்தான் இருக்கு. மனசுக்கு என்னமோ செய்யுது. ஆனா புதுப் பேர்ல விட்டா யாருக்குத் தெரியும்? இதுக்கு உள்ள ஒரு லாரிய விடுங்க."

கண்மாய்க்குள் லாரிக்கு என்ன வேலை என்று கேட்டேன். தண்ணீர் லாரி என்றார். வறண்ட ஊர், ஜனங்கள் குடத்தோடு நிற்கிறார்கள், நீங்கள் டேங்கரை ஓட்டிப் போய் ஊற்றுகிறீர்கள். பிறகு கண்கள் விரிய இன்னொன்றும் சொன்னார். "மழை வேணும்னா ஒரு விளம்பரம் பாக்கணும். பாத்து முடிச்சா மழை."

"சார், விளம்பரம் பாத்து மழை பெய்யும்னா எங்க ஊர்ல மூணு போகம் விளைஞ்சிருக்கும்."

அரைநாள் பேசினோம். கடைசியில் அவர் விளம்பர மழையை விட்டுக்கொடுத்தார், நான் என் மடையாளை விட்டுக்கொடுத்தேன். திருச்சுழி மழை மட்டும் அப்படியே இருக்கும், ஆரம்பத்தில் முதல் பெயராக என் பெயர் வரும், இந்த இரண்டும்தான் நான் கேட்டது. "பேருதானே, போட்டுருவோம்" என்றார். விளையாட்டின் பெயர் அதே லாரிப் பெயர்தான். ஏழாம் பாகம். ஏழு என்றதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் எனக்கு ஏதோ துக்கம் என்று நினைத்து முறுக்கு கொடுத்தார்.

சித்திரையில் வெளியிட்டோம். வெயில் காலம். டேங்கர் ஓடியது, ஜனங்கள் குடத்தில் பிடித்தார்கள், எல்லாருக்கும் திருப்தி. மழை என்று ஒன்று அதற்குள் இருப்பதே யாருக்கும் தெரியாது. ரசிகர்கள் எழுதியிருந்ததை எல்லாம் படித்தேன். அதில் உச்சமான பாராட்டு இதுதான்: ஏழாம் பாகம் அப்படியே ஆறாம் பாகம் மாதிரியே இருக்கிறது, அருமை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அருப்புக்கோட்டையில் சுள்ளென்று வெயில். போனைத் திறந்தால் விளையாட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எச்சில் கையோடு எழுந்து மொட்டை மாடிக்கு ஓடினேன். கிழக்கே திருச்சுழிப் பக்கம் வானம் கருத்துக் கிடந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் போனையும் வானத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். அவள் அவசரமாகத் துணிகளைத் திரும்ப எடுக்க ஆரம்பித்தாள்.

மூன்று நாள் விடாமல் பெய்தது. எங்கேயோ வடநாட்டில் மொட்டை வெயிலில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தவனுடைய லாரியும் திருச்சுழிச் சேற்றில் அச்சுவரை இறங்கிவிட்டது. உலகத்தில் இருந்த எங்கள் டேங்கர் ஒன்றுகூட நகரவில்லை. அப்படியே தள்ளிக்கொண்டு ஊருக்குள் போனாலும் ஒரு பொம்மையும் தண்ணீர் வாங்க வரவில்லை. கண்மாய் நிறைந்து கலிங்கு வழிந்தால் லாரித் தண்ணீர் யாருக்கு வேண்டும்? அப்படித்தான் நான் எழுதி வைத்திருந்தேன், பிறகு மறந்தும் போயிருந்தேன்.

முதலாளியின் போன் வந்தது.

"தம்பி, மழைய நிப்பாட்டுங்க."

"சார், அது திருச்சுழியில பெய்யுது."

"நான் என்ன உங்கள அங்க போயி நிப்பாட்டவா சொல்றேன்? போன்ல நிப்பாட்டுங்க."

திட்டி வந்த கடிதங்களை வாசித்துக் காட்டினார். நியாயமான கோபம்தான். லாரி விளையாட்டு என்று நம்பி வந்தவனை வானம் பார்க்க வைத்தால் கோபம் வராதா? வெள்ளிக்கிழமை முதல் மழை நீக்கப்படும் என்று விளையாட்டுக்குள்ளேயே அறிவிப்புப் போட்டார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. விளையாட்டின் பெயர் லாரிக்குப் போய்விட்டது, கண்மாய் லாரி நிற்கிற இடமாகிவிட்டது, நான் செய்ததில் மிச்சம் இருந்தது அந்த மழை ஒன்றுதான். அதையும் என் கையாலேயே அழிக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் மறுபடியும் போன். குரல் வேறு மாதிரி இருந்தது.

"தம்பி, நான் உங்கள என்னமோன்னு நினைச்சிருந்தேன். இப்படி ஏமாத்துவீங்கன்னு நினைக்கல."

"என்ன சார்?"

"மழைய எடுக்காதீங்கன்னு எட்டு மெயில் வந்துருக்கு. எட்டும் உங்க பேர்ல வந்துருக்கு. ரசிகர் மாதிரி கள்ள மெயில் போடுறதுதான் போடுறீங்க, பேரையாவது மாத்திப் போட மாட்டீங்களா? என்னைய அம்புட்டு முட்டாளுன்னா நினைச்சிட்டீங்க?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியதால் ஒன்றும் ஆகவில்லை.

"சார், அது நானில்ல. நாங்க ஒம்பது பேரு."

"எது ஒம்பது?"

"எங்க குடும்பத்துல அந்தப் பேர்ல ஒம்பது பேரு இருக்கோம் சார். நான் ஏழாவது."

கீழே தறி மட்டும் ஓடியது.

"ஏழாம் பாகத்த வச்சு என்னையவே கேலி பண்றீங்களா?" என்றார். "நாளைக்கு வந்து லேப்டாப்பக் குடுத்துட்டுக் கணக்க முடிச்சிக்கோங்க."

முதலாவது அண்ணனுக்குப் போன் போட்டேன். ஊரில் உரக்கடை வைத்திருக்கிறார்.

"அண்ணே, நீங்க எதுவும் மெயில் போட்டீங்களா?"

"ஆமாலே. மழைய எடுக்கப் போறோம்னு போட்டிருந்தான். எவன்லே அவன், மழைய எடுக்கிறவன்? நம்மாளுக எல்லாத்தையும் போடச் சொன்னேன். உங்கிட்டச் சொல்லல. நீயும் சொந்தமாப் போட்டுருப்பேன்னு விட்டுட்டேன்."

"நீங்க அந்த விளையாட்டெல்லாம் விளையாடுறீகளா?"

"பெறகு? தொறந்த உடனே மொதல்ல என் பேருல்ல வருது."

"அது என் பேருண்ணே."

"ரெண்டும் ஒண்ணுதானலே."

ஒவ்வொருவராக விசாரித்தேன். இரண்டாவது அண்ணன் வீரசோழன் ஊருக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். டிரிப்புக்கு டிரிப்பு பயணிகளிடம் அந்த முதல் பக்கத்தைக் காட்டியிருக்கிறார். மூன்றாவது அண்ணனின் மனைவி, விளையாட்டைச் செய்ததே தன் புருஷன்தான் என்று ஆறு மாதமாக நம்பிக்கொண்டிருக்கிறார். "நானா வலியப் போயிச் சொல்லலப்பா, அவளா நம்பிக்கிட்டா" என்றார் அண்ணன். ஒன்பதாவது தம்பி அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் பெண்ணே பார்த்திருக்கிறான். இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளைப் போட்டு எனக்கே எனக்கென்று வாங்கிய ஒரே இடத்தில் எட்டுப் பேர் குடியேறி, பால் காய்ச்சி, விருந்தும் வைத்துவிட்டார்கள். நான் கோபப்பட வேண்டியவன். ஆனால் எட்டுப் பேரும் அதைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். நான் கட்டிய கண்மாய்க் கரையில் இவர்களும் வந்து நின்றிருக்கிறார்கள்.

"நாளைக்கு எல்லாரும் மதுரைக்கு வாரீகளா? எனக்கு வேலை போகப் போகுது" என்றேன்.

"ஆதார எடுத்துட்டு வாரோம்" என்றார் முதலாவது அண்ணன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எங்கள் ஆபீஸ் மாடிப்படியில் ஒன்பது பேர் ஏறினோம். ஆபீஸில் நாற்காலி பத்தவில்லை. நாலாவது அண்ணன் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று இப்போது பேங்க் வாசலில் காவல் இருக்கிறார், அவர் உட்காரவே இல்லை. ஆறாவது அண்ணன் நிஜத்திலேயே தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறவர். அதிலேயே மூன்று பேரை ஏற்றிக்கொண்டு வந்து, கீழே பாதித் தெருவை அடைத்து நிறுத்தியிருந்தார்.

முதலாளி ஆதார் அட்டைகளை மேஜையில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு நிமிர்ந்து பெயரைக் கூப்பிட்டார்.

"சார்" என்றோம் ஒன்பது பேரும். நாலாவது அண்ணன் குதிகாலைச் சேர்த்து அடித்ததில் மேஜை ஆடியது.

அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். மறுபடியும் "சார்" என்றோம். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அது விசாரணை மாதிரி இல்லை, அவருக்கே பிடித்துப்போய்க் கூப்பிட்ட மாதிரி இருந்தது. டீ வாங்கி வரச் சொன்னார்.

டீ வந்ததும் ஆறாவது அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க நெசமாவே தண்ணி லாரி ஓட்டுறவரா?"

"ஆமா சார்."

"மழை பெஞ்சதுல லோடு இருக்கா?"

"எங்க சார்? ஒரு வாரமா ஒரு லோடு கெடையாது. அதான் வண்டிய எடுத்துட்டு இங்க வந்தேன்."

"பெறகு ஏன் மழைய எடுக்காதீங்கன்னு எழுதுனீங்க? அது பெஞ்சா விளையாட்டுலயும் உங்க லாரி சிக்கிருதுல்ல?"

அண்ணனுக்குக் கேள்வியே புரியவில்லை. எங்கள் எல்லாரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "லோடு இன்னைக்கு இல்லன்னா கோடைக்கு வரும் சார். பெய்யிற மழைய யாராச்சும் நிப்பாட்டச் சொல்வாகளா?"

முதலாளி டீ கிளாஸைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு என்னிடம், "மழை இருக்கட்டும் தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் டேங்கரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணைத் துடைத்ததை எட்டுப் பேரும் பார்த்தார்கள்.

கிளம்பும் நேரத்தில் அவர் முதலாவது அண்ணனிடம் ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஏங்க, உங்கள்ல யாருக்குமே புதுசா ஒரு பேரு வைப்போம்னு தோணலையா?"

"புதுப் பேரு வச்சிருந்தா இன்னைக்கு இவனுக்காக யாரு சார் வந்திருப்பா?" என்றார் அண்ணன்.

முதலாளி மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"இதத்தானே தம்பி நான் அன்னைக்கே உங்ககிட்டச் சொன்னேன்."

என்னிடம் பதில் இருந்தது. மனிதனுக்கு வைக்கிற பெயர் வேறு, விற்கிற சரக்குக்கு வைக்கிற பெயர் வேறு என்று நான் விளக்கியிருக்கலாம். இப்போதும் ஒரே லாரியை ஏழு தடவை விற்பது அநியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எட்டு ஆதாரங்கள் வரிசையாக எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கும்போது எந்த வாயால் பேசுவது? முதலாளி அடுத்த பாகத்துக்கு வேலையை ஆரம்பிக்கலாம் என்றார். அதிலும் மழை உண்டு, கண்மாய் கொஞ்சம் பெரிது, லாரி நீலம். சரி என்றேன்.

அதுவரை வாயே திறக்காமல் கதவோரம் நின்ற எங்கள் எட்டாவது தம்பி ஒரு அடி முன்னால் வந்தான். பாலவனத்தத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான், கூச்ச சுபாவம். ஆதார் அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"சார், எட்டாம் பாகத்துல மொதல்ல என் பேரத்தான போடணும்?"

முதலாளி என்னைப் பார்த்தார். எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவன் பேரையே போடுங்க சார்" என்றேன்.